ரெண்டணா வைத்தியம்

முருகன் கோயில் மலைப்படி இறங்கி வந்த அக்காள் கௌரியம்மாளைப் பார்த்ததும் ஜெகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொட்டைத் தலை. உச்சந்தலைப் புண்ணை மட்டும் விட்டுச் சுற்றிலும் சந்தனம்.

அந்தப் புண்ணைத்தான் டாக்டர் புற்று என்று சொல்லியிருந்தார். பதறியடித்துக்கொண்டு அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்தால், இந்தக் கோலம்.

அக்காள் புருஷன் துளசிங்கத்தைத் தனியே இழுத்தான்.

"இன்னா பாவா இது? ஊர் ஊரா வெல விசாரிச்சுகினு திரிஞ்சியே, இதுக்குத்தானா? பள்ளிப்பட்டு வைத்தியர் களிம்பு மூணு ரூபா. மிஷன் ஆஸ்பத்திரியில அறுத்தா நாப்பத்தஞ்சு. பட்டணத்துல ரேடியம் வெச்சா எரநூறு. எல்லாத்தையும் வுட்டுட்டு மொட்ட அடிச்சா தீந்துச்சா? இது எத்தினி, நாலணாவா?"

"ரெண்டணா," என்றார் துளசிங்கம்.

"சீ! பாதி நான் போடறேன்னேனே! கட்டினவ உசுருக்கு வெல பாக்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"கத்தாத. வண்டியில ஏறு."

ஏறினான். கௌரியம்மாள் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"லேசா கீதுடா தம்பி. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?"

அவன் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டான்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

நர்ஸ் ரெபேக்காள் ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களாம்மா! முடிய எடுத்தாத்தான் அறுக்க முடியும்னதுக்கு, 'புருஷன் உசுரோட இருக்கறப்போ எனக்கு மொட்டையா, அதுக்குச் சாவறதே மேல்'னு எழுந்து ஓடினீங்களே!"

"முடிய உங்களுக்கா குடுத்தேன்? முருகனே இவரு கனவுல வந்து கேட்டுட்டாரு. அவரு கேட்டா மாட்டேன்னுவாங்களா?" என்ற கௌரியம்மாள், "இனிமே இன்னா, நீங்க அறுத்துக்கோங்க," என்று உள்ளே நடந்தாள்.

ஜெகநாதன் பாவாவைப் பார்த்தான். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார்.

"சுத்தமா எடுத்தாச்சு. எலும்புக்கு இறங்கலை. இனி பயமில்லை."

துளசிங்கம் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. துண்டு இறங்கிய பிறகுதான் ஜெகநாதன் கேட்டான்.

"ரேடியம் வேணாம்னு ஏன் வுட்டுட்ட பாவா?"

"இதுக்குக் கத்தியே போதும்னாரு டாக்டரு."

"அப்பறம் எதுக்கு எடத்துக்கு எடம் போயி வெல விசாரிச்ச?"

"வெலயா?" துளசிங்கம் முறைத்தார். "எங்கனா முடியத் தொடாம வைத்தியம் பண்ணுவாங்களான்னு கேட்டுகினு திரிஞ்சேன். வெலய அவங்களாத்தான் சொன்னாங்க. முடிய எடுக்காம முடியாதுன்னுட்டாங்க எல்லாரும்."

ஜெகநாதன் பாவா பக்கத்தில் போய் நின்றான். மெல்லக் கேட்டான்.

"முருகன் நெசமாவே உன் கனவுல வந்தாரா பாவா?"

"போடா. தூக்கம் வந்தாத்தானே கனவு வரும்?"