வயர் எட்டும் தூரம்

கடைசி அறையில் மருமகள் வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறாள். மடிக்கணினித் திரையில் அதிகாரியின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கிறது. போன வாரமும் இப்படி இணைப்பு அறுந்துதான் ஒரு வேலை கைநழுவிப் போனது. கூடத்திலிருந்த வைஃபை ரவுட்டரை வயரோடு நடைவரை இழுத்து வந்து, முக்காலியில் ஏறித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார் மாமனார். அதன் பச்சை விளக்குகள் அவர் வழுக்கையில் மினுங்குகின்றன. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், மாமா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள் மருமகள். "வயர் வரணுமேம்மா, அது என்ன ரப்பரா?" என்றபடியே எக்கி நிற்கிறார். வயர் விண்ணென்று விறைக்கிறது. மூச்சுவிடவும் அவருக்குப் பயம். திரையில் அந்த முகம் மெல்ல அசைகிறது. "உங்களை எடுத்துக்கறோம். எப்போ வந்து சேருவீங்க?" மருமகள் வாயைத் திறப்பதற்குள் முக்காலியிலிருந்து பதில் பறக்கிறது: "நாளைக்கே!"