ஒபதியாவின் மீதிக் கதை

"ஒபதியாவா? ஏம்மா ஜேன்! தாவீது, சாமுவேல்னு எத்தனை பேரு இருக்கு!"

உபதேசியார் பரஞ்சோதி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியபடி கேட்டார். வெள்ளைக்காரப் பாதிரியார் ஜப்பான்காரன் சிறையில். பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்துக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வேலையும் இப்போது இவர் தலையில்.

"அந்தப் பேருதான் வேணும், உபதேசியாரே."

சரி, பேரைக்கூட விட்டுவிடலாம். ஜெபவீட்டின் முன் பெஞ்சில் அவள் யாரை அழைத்து உட்கார வைத்திருக்கிறாள்? தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி மாணிக்கவாசகம்! நெற்றி நிறைய விபூதி. ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பு ஒடியக் குனிகிற மனிதர்.

போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது லிஸ்ட் எழுதியவரும் அவரே. அதில் ஜேனின் புருஷன் ஜூலியஸ் பேர் இருந்தது. உபதேசியாரின் ஒரே தம்பி ஆசீர்வாதத்தின் பேரும் இருந்தது.

"புருஷனை ஏத்தி அனுப்புன ஆளுக்கு முன் பெஞ்சு லா!" என்றாள் பின்னாலிருந்த மருதம்மாள். "எல்லாம் அரிசிக்குத்தான். நமக்குக் கிழங்கு, அவளுக்குச் சோறு."

உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. குழந்தையும் கையுமாக நின்ற ஜேனைப் பின்அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த ஆளு வெளிய போகணும். இல்லாட்டி நான் தண்ணியத் தொடமாட்டேன்."

"அவரு இல்லாம என் புள்ளைக்கு ஞானஸ்நானம் வேணாம்."

"பொருத்தமாத்தான் பேரு புடிச்சிருக்க! ஒபதியான்னா கர்த்தரோட ஊழியன்னு அர்த்தம். ஆனா பார்த்த வேலை? கொடுமைக்கார ஆகாப் ராஜாவோட அரண்மனையில கிராணி வேலை!"

ஜேன் சிரித்தாள். "பாதியில நிறுத்திட்டீங்களே. மீதிக் கதை?"

"மீதி என்ன மீதி? ராணி தீர்க்கதரிசிகளைக் கொல்லத் தேடினப்ப, நூறு பேரைக் குகையில ஒளிச்சு வச்சு, ராஜாவுக்குத் தெரியாம சோறு போட்டு..."

உபதேசியார் கதவிடுக்கு வழியாக முன் பெஞ்சை எட்டிப் பார்த்தார்.

"நம்ம கிராணி ஐயா ஒளிச்சு வச்சது நூறு பேரு இல்ல, ஒன்பது பேருதான்." ஜேன் குரலைத் தாழ்த்தினாள். "ரயில் ஏத்தியாச்சுன்னு லிஸ்ட்டுல எழுதிட்டு, மலையடிக் காட்டுல வச்சிருக்காரு. சயாமுக்குப் போனவனை எவன் தேடுவான்? நாலு மாசமா அவரு வீட்டு அரிசிதான் அங்க கஞ்சி. உங்க தம்பிதான் சமையல். தினம் அடிப்பிடிக்க விட்டுடுறாருன்னு எங்க வீட்டுக்காரரு ஒரே சண்டையாம்."

"ஆசீர்வாதமா? உயிரோட இருக்கானா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க முகத்துல எதுவும் மறையாதுன்னு கிராணி ஐயாதான் தடுத்துட்டாரு. எனக்குத்தான் இன்னிக்கு மனசு கேக்கல."

உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு பொங்கியது. குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்கு விரைந்தார்.

ஜேன் வழிமறித்தாள்.

"ஐயோ, இப்படிச் சிரிச்ச முகமாவா போறது? எப்பவும்போல அவரை முறைச்சுக்கிட்டே வாங்க. ஊரு அவரைத் திட்டுற வரைக்கும்தான் அந்த ஒன்பது பேருக்கும் உயிரு!"