அட்டையில் ஈரப் பட்டை

கடை வாசலில் சாய்த்து வைத்த அட்டையில் வெயில் விழுகிறது. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் வாங்குவதற்காகச் சோதித்துப் பார்க்கும் மூன்றாவது ஸ்ப்ரே கன்னை எடுத்து, கப்பில் பெயின்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, விசையை அழுத்துகிறார். புஸ்ஸென்ற சத்தத்தோடு ஈரப் பட்டை நீள்கிறது. முந்தைய இரண்டைப் போலவே இதுவும் பாதியில் நெளிகிறது. "இதுவும் உதவாது," என்று கன்னை மேசையில் வைக்கிறார். கை இன்னும் நடுங்குகிறது. அதைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொள்கிறார். "இருங்க, நான் அடிச்சுப் பாக்குறேன்," என்கிறாள் மனைவி. பட்டறையில் அவருக்கு நிறம் கலந்து கொடுப்பவள். அவள் கையில் பட்டை ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் ஓடுகிறது. கடைக்காரரின் புருவம் உயர்கிறது. அவள் ஓரக்கண்ணால் கணவரைப் பார்க்கிறாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதன்பின் அவள் அடிக்கும் மீதிப் பட்டை வளைந்து நெளிந்து அட்டையை விட்டே வெளியே போகிறது. "எனக்கும் ஆடுதுங்க. இந்தக் கன் சரியில்ல," என்கிறாள். பட்டையின் நேரான பாதியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் கடைக்காரர். பிறகு கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரெசரை ஒரு தட்டுத் தட்டி, "காலையிலேர்ந்து இது ஒரே தகராறுண்ணே," என்றபடி, அந்த ஈரம் காய்வதற்குள் அட்டையைத் திருப்பி வைக்கிறார்.