நனையாத குடை

வீரம்மா பொட்டணத்தைக் கட்டிக்கொண்டுதான் புறப்பட்டாள். புருசன் கையும் களவுமாக அகப்பட்டால், அப்படியே பஸ் ஏறி உடப்புசல்லாவையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு.

பின்னே? போன திருவிழாவில் மாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் கந்தப்பன். "இனி ஒரு சொட்டு சாராயம் தொட்டா, நீ என்னை விட்டுட்டுப் போயிரு" என்று அவனேதான் சொன்னான். இப்போது என்னடாவென்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனதும் தலையைச் சீவிக்கொண்டு கந்தப்பளை டவுனுக்குக் கிளம்பிவிடுகிறான். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கிறது. ஆம்பளைகள் எதை மறைக்க ஏலக்காய் மெல்லுவார்கள் என்று வீரம்மாவுக்குத் தெரியாதா?

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், பக்கத்து லயத்து நாகலெட்சுமிதான் துப்புக் கொடுத்தாள்.

"ஹலீம் நானாவோட கம்பளிக் கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்காம்க்கா. போலீசுக்கே தெரியாதாம். 'நனையாத குடை இருக்கா'ன்னு கேட்டாத்தான் உள்ள விடுவாங்களாம்."

"நனையாத குடையா? எந்தக் குடிகாரனுக்குடி இந்தப் புத்தி வந்துச்சு?"

கடையில் ஹலீம் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முகம் மலர வரவேற்றார்.

"வாங்க புள்ள, கம்பளியா?"

"நனையாத குடை இருக்கா?"

மலர்ந்த முகம் சுருங்கிப் போனது. "அது... ஆம்பளைங்க குடை, புள்ள."

"அஞ்சு வேளை தொழுவுற மனுசன், சாராயக் கடையா வைக்கிறீங்க?"

"யா அல்லா! நம்ம கடையில ஹராமான சாமான்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. வீரம்மா தொங்கிய கம்பளிகளை விலக்கி, பின்னாலிருந்த கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

உள்ளே அரை இருட்டு. பெஞ்சில் ஆறேழு ஆம்பளைகள், ஆளுக்கொரு சின்னக் கிளாஸ். கண்ணை மூடி மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் லேசாக ஆடிக்கொண்டே, "நானா, இன்னும் ஒரு அரை ஊத்துங்க" என்று கிளாசை நீட்டினான்.

அவன்தான் கந்தப்பன். நீட்டிய கிளாசுக்கு எதிரே பெண்சாதி நின்றாள்.

"பொட்டணம் கட்டியாச்சு. நான் போறேன்" என்றாள் வீரம்மா.

"ஐயோ வீரம்மா! போறதுக்கு முன்னால இத மோந்து பாரு!"

மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. அடியில் கிடந்த ஒரு மடக்கைக் குடித்தும் பார்த்தாள்.

"தேத்தண்ணி!"

"சும்மா தேத்தண்ணி இல்ல, புள்ள. ஏலம், இஞ்சி போட்டது" என்றான் கந்தப்பன். "நம்ம தோட்டத்து முதல் தரத் தூளு. சீமைக்குப் போறது. சுதந்திரம் வந்தும் நம்ம லயத்துக்கு வாறது கழிச்சுப் போட்ட டஸ்ட் தூளுதானே?"

வயசுக்கு வந்த நாளிலிருந்து மழையிலும் அட்டைக்கடியிலும் அவள் கிள்ளிய கொழுந்து. அது இப்படித்தான் ருசிக்கும் என்று வீரம்மாவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

"அட பாவி மனுசா! பேக்டரில வேலை செய்யிறவன் நீ. நீதானே திருடுன? நேத்துக் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல தோட்டத்துத் தொரை என்ன சொன்னாரு? 'ஒரு சிட்டிகை தூள் எடுத்தாலும் பேர் வெட்டு'ன்னாரா இல்லியா? வேலையும் போயி லயமும் போயி நடுத்தெருவுல நிக்கப் போறோம். இதுக்கு நீ சாராயமே குடிச்சிருக்கலாம்!"

"நான் எடுக்கல, மாரியம்மா மேல ஆணை! பேக்டரி கேட்டுல எங்க கோவணத்தைக்கூட உதறிப் பாக்குறாங்க. அதுல எப்படிப் புள்ள எடுக்கிறது?"

"அப்ப வேற யாரு எடுத்தா?"

எல்லோரும் அவள் பின்னாலேயே ஓடி வந்திருந்த ஹலீம் நானாவைப் பார்த்தார்கள். ஹலீம் நானா கூரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடையில் ஒரு கட்டைக் குரல் கேட்டது.

"நனையாது கொடை இருக்கு?"

கம்பளியை விலக்கிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தது சாட்சாத் தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய தொரை.

வீரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பெஞ்சிலிருந்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கந்தப்பன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். தொரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஹலீம் நானாவிடம் நீட்டினார்.

"இந்தா, முதல் தரம் தூள். கேட்டுல நம்மள சோதனை போட மாட்டான். சீக்கிரம் நமக்கு டஸ்ட் தேத்தண்ணி போடு, ஹலீம். கருப்பட்டி பெரிய துண்டு வை. க்ளப்புல அந்தக் கலர் கலர் கலவை குடிச்சு வயிறு கெட்டுப் போச்சு!"

கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்து நக்கப்போன தொரை, அப்போதுதான் வீரம்மாவைப் பார்த்தார். சடக்கென்று எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவள் கக்கத்தில் இருந்த பொட்டணத்தையும் பார்த்தார். குடும்பஸ்தர் அல்லவா, விஷயம் விளங்கிவிட்டது.

"தொரைசானிகிட்ட சொல்லாதே" என்றார் கெஞ்சலாக. "நான் டஸ்ட் குடிக்கிறது தெரிஞ்சா, அதுவும் பொட்டணம் கட்டி லண்டன் போகும்!"

வீரம்மா தன் பொட்டணத்தைக் கீழே வைத்தாள். கந்தப்பனை நகரச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சொல்ல மாட்டேங்க, தொரை. ஆனா அடுத்த வாரம் லயத்துப் பொம்பளைங்களும் வருவோம். தூளு கொஞ்சம் கூடத் திருடிட்டு வாங்க."