கண்ணைக் கட்டி நடந்தவர்

“பாத்தாரு சார்! துணிக்குள்ளாரப் பாத்துக்கினுதான் நடந்தாரு!”

பஸ் டிரைவர் தேசப்பன் போட்ட சத்தத்தில் பிரின்சிபாலே திரும்பினார்.

பூவராகவன் சார் கண்கட்டை அவிழ்த்து, நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில் அது ஊழியர் நல வாரம். திங்கட்கிழமை யோகா. செவ்வாய்க்கிழமை சர்க்கரைப் பரிசோதனை. புதன்கிழமை, பார்வையில்லாதவர்கள் படும் சிரமத்தை நாமும் தெரிந்துகொள்ள ஒரு போட்டி. கண்ணைக் கட்டிக்கொண்டு மெயின் கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல் வரை நடக்க வேண்டும். பரிசு, ஒரு ஹாட்பேக்.

கண்ணைக் கட்டிவிடும் வேலை என்னுடையது. ஆபீஸில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. அதனால் எல்லோருக்கும் இரண்டு முடிச்சு போட்டேன்.

லைப்ரரி விக்டோரியா மேடம் நோட்டீஸ் போர்டைக் கட்டிப்பிடித்தார். தேசப்பன் செம்பருத்திச் செடிக்குள் போய், “ஸ்டியரிங் இல்லாம எனுக்கு வழி தெரியாதுப்பா” என்றார்.

பூவராகவன் சார் மட்டும் சின்னச் சின்ன அடியாக வைத்து, கொடிமரத்தருகே திரும்பி, மூன்று படி ஏறி, தூணைச் சுற்றிக்கொண்டு நேராக ஆபீஸ் வாசலில் போய் நின்றார். எங்கேயும் இடிக்கவில்லை.

அவர் எங்கள் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். இரண்டு நிமிடம் தாமதமானாலும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிப்பவர். அவர் மாட்டினால் யாருக்குக் கசக்கும்?

“வேற ரூட்ல நடக்க வுடுங்க சார். சாயம் வெளுத்துடும்” என்றார் தேசப்பன்.

பிரின்சிபால் தலையாட்டினார். கேட்டிலிருந்து கேன்டீன் வரை என்று முடிவானது. இந்த முறை என் கைக்குட்டையையும் உள்ளே வைத்துக் கட்டினேன்.

இருபது அடிகூடப் போயிருக்க மாட்டார். சைக்கிள் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, ஐந்தாறு சைக்கிளை வரிசையாகச் சாய்த்துவிட்டு, யாருடைய கேரியரையோ பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரே கைதட்டல்.

“இன்னா சார், இப்போ கைக்குட்டை மறைக்குதா?” என்றார் தேசப்பன்.

“நாங்க லேட்டா வந்தா ரெட் இங்க்கு. இதுக்கு இன்னா கலரு சார்?” என்றார் விக்டோரியா மேடம்.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. “மொதல்ல மட்டும் எப்படி நடந்தீங்க, பூவராகவன்?”

அவர் வாயைத் திறந்தார். ஆபீஸ் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மூடிக்கொண்டார்.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப எழுத்துல சொல்லுங்க. தம்பி, இவருக்கு ஒரு மெமோ டைப் பண்ணு. கண்ணு கட்டினது நீதானே? ஒழுங்காக் கட்டினியா?”

ஒழுங்காகத்தான் கட்டினேன். எனக்கு நன்றாகத் தெரியும்.

“கட்டினேன்னு நினைக்கிறேன் சார்” என்றேன்.

அந்த ‘நினைக்கிறேன்’ பயத்தில் வந்தது.

பதினோரு வருட சர்வீஸில் அவருக்கு அது முதல் மெமோ. அதன் இரண்டாவது வரியை நான் அடித்துக்கொண்டிருந்தபோது இன்டர்காம் ஒலித்தது. ஆபீஸின் பின்னறையில் இருக்கும் டெலிபோன் ஆபரேட்டர் நர்மதா. ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

“இன்னா சார், வெளிய ஒரே சிரிப்பு?”

“உங்களுக்குத் தெரியாதா? போட்டி நடந்துச்சே.”

“போர்டை வுட்டு எழுந்திருக்காத, இன்னிக்கி போன் நெறைய வரும்னாங்க. போட்டின்னு யாரும் சொல்லலியே.”

இன்ன போட்டி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. சொன்னேன். பூவராகவன் சார் இடிக்காமல் நடந்ததையும், பிறகு சைக்கிள்களைச் சாய்த்ததையும், மெமோவையும் சொன்னேன்.



“அதை அடிக்காதீங்க சார். கேட்டுலேர்ந்து கொடிமரம் நூத்திப் பன்னண்டு அடி. லெஃப்ட்ல திரும்பி அறுவத்தி நாலு. அப்பால மூணு படி, ஒரு தூணு. எல்லாம் அவரு எண்ணிக் குடுத்தது. இன்டர்வியூ அன்னிக்கி என்கூட நடந்து என் அடியோட அளவு பாத்துக்கினாரு. அந்த வார ஞாயித்துக்கெழம அவரே கண்ணைக் கட்டிக்கினு, அதே அளவுல நடந்து நடந்து பாத்திருக்காரு. மறுநா திங்கக்கெழம காலைல பஸ் ஸ்டாப்புல நின்னு என்னாண்ட கணக்கைச் சொன்னாரு.”

“இதை அவரே சொல்லியிருக்கலாமே?”

“கையப் புடிச்சிக் கூட்டிக்கினு வர ஆள் வேணும்னா வேலை இல்லன்னு கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாரு சார். அந்தத் திங்கக்கெழம நான் தனியா நடந்து காட்டித்தான் வேலை வாங்கினேன். அது சொல்லிக் குடுத்து நடந்ததுன்னு தெரிஞ்சா என் வேலைக்குப் பேஜாரு ஆயிடும்னு, யாராண்டயும் வாய் தொறக்காதன்னாரு. இப்ப அவருக்கே மெமோன்னா நான் எப்டி சார் சும்மா இருக்கறது? நானே பிரின்சிபால் கிட்ட சொல்றேன்.”

அடித்த இரண்டு வரியையும் அழித்தேன். “இருங்க, முதல்ல நான் போய்ப் பேசறேன். நான் கட்டின கட்டு சரிதான்னு நான்தான் சொல்லணும்” என்றேன்.

எழுந்த பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ரிசீவரை வைக்காமல் கேட்டேன்.

“அப்ப கேன்டீனுக்கு நடக்கும்போது மட்டும் ஏன் சைக்கிள் மேல போய் இடிச்சாரு?”

நர்மதா சிரித்தார்.

“அந்த வழிய யாரு சார் எண்ணிப் பாத்தா? ரெண்டு வருசமா டீ என் டேபிளுக்கே வந்துடுது. கேன்டீனுக்கு வான்னு என்னை இன்னும் ஒருத்தரும் கூப்ட்டதில்லியே!”