ஜெரால்டுக்குப் பிடித்த ஆல்பம்

வேனில் ஏறியதும் ஜெரால்டு அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். எங்கள் மெட்டல் இசைக்குழுவின் பாடகன் அவன். பிறகு ஊர் வந்து சேரும்வரை தலையாட்டல்தான். என்ன ஆல்பம் என்று கேட்டால், "உங்க காதுல எல்லாம் அது ஏறாதுடா," என்பான். அந்தத் திமிருக்காகவே அவனை எதிரில் வைத்துக்கொண்டு கிழிப்போம். குரலா அது, அடைத்துக்கொண்ட சாக்கடை. அவனைக் கிழித்து முடித்ததும் எங்கள் வாசிப்பை நாங்களே மெச்சிக்கொள்வோம். இன்று திண்டிவனம் தாண்டியதும் டிரம்மர் சபரீஷ், "இந்தக் கச்சேரியோட இவன கழட்டி விட்டுரலாம்," என்றான். எல்லோரும் சரி என்றோம். ஜெரால்டும் தாளம் தப்பாமல் தலையாட்டினான். அப்போது வேன் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குதித்தது. அவன் சட்டைப்பைக்குள் போயிருந்த ஹெட்போன் ஒயர் வெளியே நழுவி விழுந்தது. அதன் முனை எதிலும் செருகப்படாமல் எங்கள் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. ஜெரால்டு கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "ஏன்டா நிறுத்திட்டீங்க? அடுத்து உங்கள நீங்களே புகழ்ந்துக்குவீங்கல்ல, அந்த எடந்தான் எனக்கு ரொம்பப் புடிக்கும்."