ரிப்பன் வைத்த ஷூ

ஒரு கோப்பைத் தண்ணீரை ரோவீனா ரிப்பன் வைத்த அந்தப் புது ஷூவுக்குள் அப்படியே கவிழ்த்தாள். கடைக்காரன் டெஸ்மண்ட் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா ரோவீனா? விக்கிற சாமான் அது!"

"தாங்குதான்னு பாக்கறேன்." ஷூவைத் தூக்கிக் காட்டினாள். ஊற்றியதில் பாதி அதற்குள் தரைக்கு வந்திருந்தது. "பாரு. இது ஷூ இல்லப்பா, வடிகட்டி."

இருவரும் ஹார்த்வெயிட் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் சண்டைக்கு மரியாதை தேவைப்படவில்லை.

ரோவீனாவின் மகள் டாம்சின் காலுறையைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. விரல்கள் பத்தும் சிவந்து வீங்கியிருந்தன. பண்ணையிலிருந்து பள்ளிக்கு இரண்டு மைல் நடை. நவம்பர் வந்துவிட்டால் அந்தப் பாதையில் பாதி சேறு, பாதி பனி. ரோவீனா அந்த ஷூவை ஓரமாகத் தள்ளினாள்.

"வேற காட்டு."

டெஸ்மண்ட் பெண்கள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒன்றில் இதய வடிவில் ஓட்டைகள். ஒன்று முழுக்க மினுமினுப்பு. இன்னொன்றின் குதிகாலில் சின்ன ஜன்னல் வைத்து, உள்ளே ஒரு குட்டிப் பொம்மை உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பொம்மை எதுக்கு?"

"பொம்பளப் பிள்ளைங்களுக்குப் பிடிக்குமாம்."

"இதுல அந்தப் பொம்மைக்கே ஜலதோஷம் பிடிக்கும்."

பக்கத்து அலமாரியில் பையன்கள் ஷூ. தடித்த அடி, உள்ளே கம்பளி, தையலில் நீர் புகாத பூச்சு. டாம்சினின் அண்ணன் வில்ஃப் செப்டம்பரிலிருந்து போடுவது அதேதான். ஓடையில் இறங்கி நடந்தாலும் அதற்குள் ஒரு சொட்டு போனதில்லை.

டாம்சினும் அண்ணனின் பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போன வாரம் இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். இரண்டு நாளும் துணைத் தலைமையாசிரியர் பெடிஃபர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பெண்களுக்குப் பெண்கள் ஷூ, பையன்களுக்குப் பையன்கள் ஷூ, அதுதான் விதி. மூன்றாவது முறை மாட்டினால் மாவட்ட ஓட்டப் பந்தயக் குழுவில் பெயர் கிடையாது. அந்தப் பெயருக்காக அவள் ஒரு வருடம் மலை ஏறி இறங்கி ஓடியிருந்தாள்.

"அந்தாளு எதை வச்சு கண்டுபிடிச்சாராம்?" என்று கேட்டான் டெஸ்மண்ட்.

"ஷூவையே பாக்கல அங்கிள். ரிப்பன் எங்கன்னுதான் கேட்டாரு," என்றாள் டாம்சின்.

டெஸ்மண்ட் தலையில் அடித்துக்கொண்டு, நனைந்த ஷூவைத் துணியால் துடைத்தான். முன்பக்கத்துக் கறுப்பு ரிப்பன் கையோடு வந்துவிட்டது.

"போச்சு. இனிமே இதை எவ வாங்குவா?"

ரோவீனா ரிப்பனைப் பார்த்தாள். பக்கத்து அலமாரியைப் பார்த்தாள்.

"நானே வாங்கிக்கறேன். இன்னொரு கால் ரிப்பனையும் பிச்சுக் குடு. அந்தப் பசங்க ஷூல இவ சைஸ் ஒண்ணு எடு. பசை வச்சிருக்கியா?"

"நான் எதையும் பாக்கல," என்று சொல்லிக்கொண்டே டெஸ்மண்ட் பசையை எடுத்து நீட்டினான்.

திங்கட்கிழமை காலை பெடிஃபர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார். ரிப்பனைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது பொண்ணுங்க ஷூ. தேடினா கிடைக்குதில்ல, மிசஸ் தோர்ன்பர்?"

"ரொம்ப அலைஞ்சோம் சார்," என்றாள் ரோவீனா, முகத்தில் எதையும் காட்டாமல்.

அன்று சாயங்காலம் டாம்சின் கழற்றிப் போட்ட காலுறை காய்ந்திருந்தது. ரோவீனா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

இதெல்லாம் எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? செவ்வாய்க்கிழமை நான்கு அம்மாக்கள் ரகசியமாக வந்து விசாரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் டெஸ்மண்டின் பையன்கள் அலமாரி காலி. ஊரில் ஒரு முழம் கறுப்பு ரிப்பன் கிடையாது. தினமும் வாசலில் வரிசையாக வந்து போகும் காலணிகளைப் பார்த்துப் பார்த்து பெடிஃபருக்கே பெருமை தாங்கவில்லை. ஹார்த்வெயிட் பெண்கள் கடைசியில் பெண்களாக உடுத்தக் கற்றுக்கொண்டார்கள் என்று காலைக் கூட்டத்தில் பேசினார்.

அடுத்த திங்கட்கிழமை முழங்கால் வரை பனி. ரோவீனா பிள்ளைகள் இருவரையும் தானே கூட்டிக்கொண்டு வந்தாள். டாம்சின் முன்னால் போனாள். பெடிஃபர் அவள் ஷூவைப் பார்த்துத் தலையாட்டி, "வியாழக்கிழமை நல்லா ஓடணும்," என்று தட்டிக் கொடுத்து உள்ளே அனுப்பினார். ரோவீனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னால் வந்த வில்ஃபை பெடிஃபரின் கை மறித்தது.

ஒரு வாரமாக அதே ஷூவை நூறு ஜோடி பார்த்த கண். தடித்த அடி, கம்பளி, தையல் எல்லாம் அவருக்கு இப்போது மனப்பாடம். வில்ஃபின் காலை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"சார், அது வந்து... கடையில..." என்று ஆரம்பித்த ரோவீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் டாம்சினின் பந்தயம் போச்சு.

பெடிஃபர் பையனின் காதைப் பிடிக்காத குறையாகக் குனிந்து சொன்னார்:

"ரிப்பனைப் பிச்சு எறிஞ்சுட்டு வந்தா, பொண்ணுங்க ஷூன்னு எனக்குத் தெரியாதாடா?"